உழைப்பை அளக்கும் கருவி

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நூல் வாங்கும் அங்கத்தினர் தராசின் முள்ளைப் பாராமல் நூலைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. நெய்த துணியைச் சங்கத்தில் ஒப்படைக்கும்பொழுது, நீளம், அகலம், எடை ஆகியவற்றோடு, இழை எண்ணும் கண்ணாடியை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை இழைகள் ஓடியிருக்கின்றன என்பதும் பார்க்கப்படுகிறது. விளைபொருளை விற்பனைச் சங்கத்துக்குக் கொண்டுவரும் விவசாயியும் அவ்வாறே எடையில் கண் வைத்திருக்கிறார். அளவை நேராயிருந்தால்தான் கூலியும் விலையும் நேராயிருக்கும் என்பது நாம் அனுபவத்தில் கண்ட உண்மை.

பொருளை அளப்பதில் இவ்வளவு கருத்தாயிருக்கும் நாம், அப்பொருளை ஆக்கிய உழைப்பை அளக்க இயலுமா என்று எண்ணிப் பார்ப்பது அரிது. ஒரு நாளில் நம் உடல் எவ்வளவு நேரம் அசைந்தது, எவ்வளவு நேரம் ஓய்ந்திருந்தது, அசைந்தபொழுது எவ்வளவு விரைவாக அசைந்தது என்பவற்றை இரவு பகலாகப் பதிவு செய்யும் சிறு கருவிகள் இப்பொழுது வழக்கத்துக்கு வந்திருக்கின்றன. சிலவற்றை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். சிலவற்றைக் கைக்கடிகாரம்போல் மணிக்கட்டில் அணிகிறார்கள். சிலவற்றைத் தொடையில் ஒட்டிக்கொள்கிறார்கள். சுகாதார ஆராய்ச்சியாளர்கள் இவற்றை ஆயிரக்கணக்கான மக்களுக்கு அணிவித்து, மனிதனுக்கு எவ்வளவு உடலியக்கம் நன்மை தரும், எவ்வளவு நேரம் அசைவற்றிருப்பது தீமை தரும் என்று ஆராய்ந்து வருகின்றனர்.

தராசின் இயல்பை அறியாதவன் எடையில் ஏமாறுவான். இக்கருவி எதை அளக்கிறது, எதை அளக்காமல் விட்டுவிடுகிறது என்பதை உடலுழைப்பால் வாழும் நாம் அறிந்திருப்பது அவசியம். ஏனெனில், இக்கருவியின் கணக்கைக் கொண்டே ஒருவரை ‘உழைப்பாளி’ என்றும் மற்றொருவரை ‘அசைவற்றவர்’ என்றும் பிரிக்கிறார்கள். அப்பிரிவினையைக் கொண்டே மக்களுக்கு ஆரோக்கிய அறிவுரையும் கூறப்படுகிறது.

பஸ் ஓட்டுநரும் நடத்துனரும்

உடலியக்கத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எண் கணக்கில் காட்டிய ஆராய்ச்சிகளுள் தலைசிறந்தது லண்டன் மாநகரில் நடந்தது. ஜெரிமி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய உடனாய்வாளர்களும் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் சுமார் 31,000 பேருடைய நோய்க் கணக்கை ஆராய்ந்து, 1953-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவப் பத்திரிகையில் முடிவை வெளியிட்டனர். அந்நகரின் பஸ்கள் இரண்டு அடுக்கு உடையவை. ஓட்டுநர் நாள் முழுவதும் தம் இருக்கையில் அமர்ந்திருப்பார். நடத்துனரோ டிக்கெட் கொடுப்பதற்காக நாள்தோறும் 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்குவார். இருவரும் ஒரே நிர்வாகத்தின்கீழ் அதே பஸ்ஸில் வேலை செய்தவர்கள். ஆயினும், மாரடைப்பு முதலான இருதய நோய் நடத்துனர்களிடம் குறைவாகவும் ஓட்டுநர்களிடம் மிகுதியாகவும் காணப்பட்டது.

மாரிஸ் அம்முடிவோடு நின்றுவிடவில்லை. ஓட்டுநர் வேலைக்கு வந்தவர்கள் முன்பே வேறு வகை உடல்வாகு உடையவர்களாயிருந்திருக்கலாம் அல்லவா? இதை அறிய, அவர்களுக்குச் சீருடை தைப்பதற்காக எடுக்கப்பட்ட அளவுகளை அவர் தேடிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு, வயதில் ஒத்த நடத்துனர்களுடையதைவிடப் பெரிதாயிருந்தது. வேலையில் புதிதாகச் சேர்ந்த இளம் வயதினரிடையேயும் அவ்வேற்றுமை காணப்பட்டது. ஆகவே, நோயின் வேற்றுமை முழுவதையும் படி ஏறியதன் கணக்கில் எழுதிவிட இயலாது என்று 1956-ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டினார். தையற்காரர் குறித்து வைத்த அளவுகூட விஞ்ஞானத்துக்குச் சாட்சியாக வந்தது என்பது துணித் தொழிலில் உள்ள நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சணல் ஆலையில் கண்டது

அதே 1956-ஆம் ஆண்டில் நம் நாட்டைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியும் வெளிவந்தது. கல்கத்தாவுக்கு அருகில் இருந்த சணல் ஆலை ஒன்றைச் சேர்ந்த 213 ஆடவரின் வேலை, உணவு, உடல் எடை ஆகிய மூன்றையும் ஜான் மேயர் என்ற போஷாக்கு விஞ்ஞானியும் இந்திய ஆராய்ச்சியாளர் இருவரும் ஆராய்ந்தனர். குமாஸ்தாக்கள், மேற்பார்வையாளர், கடை வைத்திருந்தோர் முதலாக, நூல் சுற்றுவோர், நெசவாளர், மூட்டை சுமப்போர் வரை பலதரப்பட்டவர்களும் அக்கணக்கில் இடம் பெற்றனர். இலேசான வேலை செய்வோரிலிருந்து கடும் வேலை செய்வோர் வரை, வேலைக்கு ஏற்ப உணவு கூடிக்கொண்டு சென்றது. எடை பெரிதாக மாறவில்லை. ஆனால், உட்கார்ந்தே இருந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் உழைப்புக் குறைந்ததற்கு ஏற்ப உணவைக் குறைத்துக்கொள்ளவில்லை. எடையும் மற்றவர்களைவிட மிகுந்திருந்தது.

இவ்விரு ஆராய்ச்சிகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒருவர் எவ்வளவு உழைத்தார் என்பதை அவருடைய வேலையின் பெயரைக் கொண்டே முடிவு செய்தார்கள். நெசவாளர் என்றால் இவ்வளவு, குமாஸ்தா என்றால் இவ்வளவு என்று வகுத்துக்கொண்டார்கள். அக்காலத்தில் அதற்குமேல் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆயினும், நெசவாளர் யாவரும் ஒரே அளவு உழைப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். சேலை நெய்பவர் உழைப்பும் துண்டு நெய்பவர் உழைப்பும் ஒன்றல்ல. மழைக்காலத்து உழைப்பும் பண்டிகைக்கு முந்திய மாதத்து உழைப்பும் ஒன்றல்ல.

வாய்மொழிக் கணக்கின் குறை

வேலையின் பெயரைப் பார்ப்பதற்கு அடுத்த வழி, மக்களையே கேட்டு எழுதிக்கொள்வது. ‘சென்ற வாரத்தில் எத்தனை நாள் உடல் வியர்க்க இயங்கினீர்? ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிஷம்?’ என்று கேள்வித்தாளில் கேட்பார்கள். இது செலவு குறைந்த வழி. எனினும், சென்ற வியாழக்கிழமை எத்தனை நிமிஷம் நடந்தோம் என்பதை நம்மில் எவரும் சரியாகக் கூற முடியாது. நினைவு தவறுவது ஒருபுறமிருக்க, தம்மைச் சுறுசுறுப்பு உள்ளவராகக் காட்டிக்கொள்ளும் ஆசையும் மனிதருக்கு இயல்பு.

அன்றியும், கேள்வித்தாள் ‘உடற்பயிற்சி’ என்றும் ‘விளையாட்டு’ என்றும் கேட்குமானால், விடியற்காலையில் தண்ணீர் சுமந்து, வீடு கூட்டி, குழந்தையை இடுப்பில் ஏந்தி, பகலெல்லாம் தார் சுற்றும் பெண்மணி, ‘நான் ஒன்றும் செய்வதில்லை’ என்றே பதில் கூறுவார். கணக்கில் அவருடைய உழைப்பு பூஜ்யமாகிவிடும். கேட்பவர் அறியாத உழைப்பு கேள்வியில் இடம் பெறாது. கேள்வியில் இடம் பெறாதது ஏட்டிலும் ஏறாது.

அடிகளை எண்ணும் கருவி

வாய்மொழியை விட்டுக் கருவியை நாடியபொழுது முதலில் பயன்பட்டது அடி எண்ணும் கருவி. இடுப்பில் கட்டிய இக்கருவிக்குள் இருக்கும் சிறு நெம்புகோல், நாம் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முறை மேலும் கீழுமாக அசைந்து கணக்கைக் கூட்டும். ஜப்பானில் 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்ததற்கு மறு ஆண்டில், ‘மேன்போ-கேய்’ என்ற பெயரில் இத்தகைய கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அப்பெயருக்கு ‘10,000 அடி மானி’ என்பது பொருள். நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடக்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் கூறப்படும் வாசகம் இவ்வாறுதான் பரவியது. அது மருத்துவ ஆராய்ச்சி கண்டு சொன்ன எல்லை அன்று. ஒரு வியாபாரப் பெயரிலிருந்து வந்த எண்.

பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அவ்வெண்ணைச் சீர்தூக்கிப் பார்த்தன. 15 ஆராய்ச்சிகளைச் சேர்ந்த 47,000-க்கு மேற்பட்டவர்களின் அடிக்கணக்கை ஒன்று சேர்த்து 2022-ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. அடிகள் கூடக்கூட மரணம் நேரும் வீதம் குறைந்து வந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 6,000 முதல் 8,000 அடிகளிலும், அதற்குக் குறைந்த வயதினரிடம் 8,000 முதல் 10,000 அடிகளிலும் அக்குறைவு ஒரு நிலைக்கு வந்து நின்றது. ஆகவே, 10,000 எட்டவில்லையே என்று முதியவர் கவலையுறத் தேவையில்லை.

அடி எண்ணும் கருவிக்கு நடையைத் தவிர வேறொன்றும் தெரியாது. மெல்ல நடந்ததற்கும் ஓடியதற்கும் அது கூட்டும் எண் ஒன்றே. நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ செய்யும் வேலை அதன் கணக்கில் இல்லை.

முடுக்கமானி வேலை செய்யும் விதம்

இக்குறையை நீக்க வந்ததே முடுக்கமானி. பஸ் திடீரென்று புறப்படும்பொழுது நின்றுகொண்டிருக்கும் பிரயாணி பின்னோக்கிச் சாய்கிறார்; திடீரென்று நிற்கும்பொழுது முன்னோக்கிச் சாய்கிறார். சீரான வேகத்தில் ஓடும்பொழுது சாய்வதில்லை. வேகம் மாறும்பொழுதுதான் உடல் சாய்கிறது. அவ்வேக மாற்றத்துக்கே முடுக்கம் என்று பெயர்.

கருவிக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லில், மயிரினும் மெல்லிய வில்களால் தாங்கப்பட்ட மிகச் சிறிய எடை ஒன்று அமைந்திருக்கிறது. அதுவே நமது பிரயாணி. கை அசைந்தால் அச்சிறு எடை வில்களை இழுத்துக்கொண்டு சற்றே விலகும். அவ்விலகலினால் பக்கத்தில் உள்ள நுண்ணிய தகடுகளுக்கு இடையேயுள்ள தூரம் மாறும். தூரம் மாறினால் அவை மின்னேற்றத்தைத் தாங்கும் அளவும் மாறும். அம்மாற்றத்தை எண்ணாக்கிக் கருவி தன் நினைவில் எழுதிக்கொள்கிறது. மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என்று மூன்று திசைகளிலும் இவ்வாறு தனித்தனியே அளக்கப்படுகிறது.

கருவி அசையாமல் கிடந்தாலும் பூமியின் ஈர்ப்பு அச்சிறு எடையை இழுத்துக்கொண்டே இருப்பதால், கீழ்ப்பக்கம் எது என்பதும் கருவிக்குத் தெரியும். இதனால் ஒரு நன்மை உண்டு. நிற்கும்பொழுது நம் தொடை செங்குத்தாகவும், உட்காரும்பொழுது படுக்கை வாட்டத்திலும் இருக்கிறது. தொடையில் ஒட்டிய கருவி இவ்வேறுபாட்டைக் கொண்டு நிற்பதையும் உட்காருவதையும் பிரித்தறிந்துவிடும். இடுப்பில் கட்டிய கருவிக்கு இது எளிதன்று.

ஒரு விநாடியில் 100 முறை அளக்கும் கருவியை 7 நாள் அணிந்தால், ஒரு திசைக்கு 6 கோடியே 4 லட்சத்து 80 ஆயிரம் அளவுகள் சேரும். மூன்று திசைகளுக்கும் 18 கோடிக்கு மேல் ஆகும். இவ்வளவையும் மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியாது. கணிப்பொறியே கூட்டிச் சுருக்கித் தருகிறது.

எண்ணை உழைப்பாக மாற்றுவது

கருவி கூறுவது அசைவின் அளவு மட்டுமே. அதை ‘இலேசான உழைப்பு’, ‘மிதமான உழைப்பு’, ‘கடும் உழைப்பு’ என்று மாற்ற ஒரு வாய்பாடு வேண்டும். அவ்வாய்பாட்டை உண்டாக்கும் முறை பின்வருமாறு: சிலருக்குக் கருவியை அணிவித்து, ஓடும் பட்டை பொருத்திய நடைப்பொறியின்மீது நடக்கவும் ஓடவும் செய்வார்கள். அவர்கள் உட்கொள்ளும் பிராணவாயுவை முகமூடி வழியாக அளப்பார்கள். உழைப்பு மிகுந்தால் பிராணவாயுவின் செலவும் மிகும். எந்தச் செலவுக்குக் கருவி எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பார்த்து எல்லைக்கோடுகள் குறிப்பார்கள்.

பாட்டி ஃப்ரீட்ஸன் என்ற அம்மையாரும் அவருடைய உடனாய்வாளர்களும் 1998-ஆம் ஆண்டில் 50 பேரை இவ்வாறு மூன்று வேகங்களில் இயங்கச் செய்து, நிமிஷத்துக்கு 1,952 எண்ணிக்கை எட்டினால் மிதமான உழைப்பு என்றும், 5,725-ஐ எட்டினால் கடும் உழைப்பு என்றும் கோடு கிழித்தனர். அவ்வெல்லைகள் உலகெங்கும் எடுத்தாளப்பட்டன. வேறு ஆராய்ச்சியாளர் வேறு எல்லைகளைக் குறித்தனர். எல்லையை மாற்றினால், அதே மனிதரின் அதே நாளுக்கு ‘உழைத்த நிமிஷங்கள்’ பெரிதும் மாறிவிடும். ஒரே நெல்லை வெவ்வேறு மரக்காலால் அளந்தால் வெவ்வேறு எண்ணிக்கை வருவது போன்றதே இது.

கருவியின் கணக்கைச் சோதிக்க வேறொரு முறை உண்டு. கனத்த ஹைட்ரஜனும் கனத்த பிராணவாயுவும் கலந்த நீரை ஒருவருக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலை விட்டு வெளியேறும். பிராணவாயுவோ நீராகவும், மூச்சில் கலந்த கரியமில வாயுவாகவும் வெளியேறும். சில நாட்களுக்குப்பின் சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறைந்த வேகத்தை ஒப்பிட்டால், உடல் செலவிட்ட சக்தியின் மொத்தம் தெரிந்துவிடும். இம்முறை மிகத் துல்லியமானது. ஆனால் செலவு மிக்கது. மேலும், அது மொத்தத்தை மட்டுமே கூறும். எந்த நாழிகையில் எந்த வேலைக்குச் செலவாயிற்று என்பதைக் கூறாது.

பெரும் கணக்கெடுப்புகள்

அமெரிக்காவில் நடைபெறும் தேசிய சுகாதார, போஷாக்குக் கணக்கெடுப்பில் 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் கலந்துகொண்டோர், ஒரு வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் முடுக்கமானியை இடுப்பில் அணிந்தனர். அதன் முடிவு 2008-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வாய்மொழிக் கணக்கின்படி அந்நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் போதிய அளவு இயங்குவதாகக் கருதப்பட்டு வந்தது. கருவியின் கணக்கிலோ 100-க்கு 5 பேர்கூடத் தேறவில்லை. அக்காலத்து விதிப்படி, 10 நிமிஷம் தொடர்ந்து இயங்கினால்தான் அது கணக்கில் சேரும் என்பதும் இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு ஒரு காரணம். 2020-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அறிவுரையில் அவ்விதி இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்பு வேண்டும். அது சிறு சிறு துண்டுகளாகச் சேர்ந்தாலும் குற்றமில்லை என்றாயிற்று. மக்களின் நடையில் மாறுதல் இல்லை; அளக்கும் விதியே மாறியது.

பிரிட்டனில் ‘யு.கே. பயோபாங்க்’ என்னும் பெரும் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தவர்களுக்கு 2013 முதல் 2015 வரை மணிக்கட்டில் அணியும் கருவி தபாலில் அனுப்பப்பட்டது. 1,00,000-க்கு மேற்பட்டோர் அதை ஒரு வாரம் இரவு பகலாக அணிந்து தபாலிலேயே திருப்பி அனுப்பினர். இவர்களுள் உடற்பயிற்சியே செய்வதில்லை என்று கூறிய சுமார் 25,000 பேரின் கணக்கை ஆராய்ந்து 2022-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மாடிப்படி ஏறுவது, பஸ்ஸுக்காக விரைவது போன்று, ஒன்றிரண்டு நிமிஷம் மட்டுமே நீடிக்கும் கடும் இயக்கம் நாளொன்றுக்கு மூன்று முறை நேர்ந்தவர்களிடம், அது சிறிதும் இல்லாதவர்களைவிட மரண வீதம் 100-க்கு 38 முதல் 40 வரை குறைந்திருந்தது. ஒரு நிமிஷ ஓட்டத்தை எவரும் நினைவில் வைத்துக் கேள்வித்தாளில் எழுதப் போவதில்லை. கருவி இருந்ததனாலேயே இது தெரியவந்தது. ஆயினும், முன்பே உடல்நலம் உள்ளவர்தான் அவ்வாறு விரைந்து ஏற முடியும் என்பதையும் மறத்தலாகாது. மாரிஸ் சீருடையின் அளவைத் தேடிச் சென்றது இத்தகைய ஐயத்தினால்தான்.

குழித்தறியில் இக்கருவி என்ன சொல்லும்?

இனி நம் தொழிலுக்கு வருவோம். குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரை நினைத்துப் பாருங்கள். கால்கள் குழிக்குள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டுகிறது. மறு கை பலகையை இழுத்து ஊடை இழையை நெருக்குகிறது. கண் இழையில் இருக்கிறது. இடுப்போ இருந்த இடத்தில் இருக்கிறது.

இவருக்கு இடுப்பில் கருவியைக் கட்டினால், பகலின் பெரும்பகுதியும் அசைவற்றிருந்ததாகவே அது எழுதும். மணிக்கட்டில் கட்டினால், ஒவ்வொரு நாடா வீச்சுக்கும் கை துள்ளுவதால், மிக விரைவாக இயங்கியதாக எழுதும். தொடையில் ஒட்டினால், உட்கார்ந்திருந்தார் என்று முடிவு செய்யும். மிதியை அழுத்தும் அசைவைச் சிறிது காட்டலாம். ஒரே நெசவாளர், ஒரே நாள். ஆனால் கணக்கு மூன்று. மூன்றில் எதுவும் பொய் கூறவில்லை. ஒவ்வொன்றும் தான் கட்டப்பட்ட உறுப்பின் செய்தியை மட்டுமே கூறுகிறது. நடைப்பொறியில் நடந்தவர்களைக் கொண்டு கிழித்த எல்லைக்கோட்டைத் தறியில் அமர்ந்தவர்மீது வைத்துப் பார்ப்பதுதான் பிழை.

தார் சுற்றும் பெண்களின் நிலையும் இதுவே. ஒரு கை இராட்டையைச் சுழற்ற, மறு கை நூலைப் பிடித்துவிடுகிறது. கருவியை எந்தக் கையில் கட்டினார்கள் என்பதைப் பொறுத்து அவர் உழைப்பாளியாகவும் ஆவார், ஓய்ந்திருப்பவராகவும் ஆவார்.

வயலிலும் இவ்வாறே. நெல் மூட்டையைத் தலையில் சுமந்து களத்திலிருந்து வண்டிக்கு நடப்பவரும், வெறுங்கையோடு அதே வேகத்தில் நடப்பவரும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றே. மூட்டையின் பாரம் அதன் கணக்கில் ஏறாது. குனிந்து நாற்று நடுபவரின் இடுப்பு மெல்லவே நகர்கிறது. முதுகின் வலியை முடுக்கமானி அறியாது. சைக்கிள் மிதிப்பதையும் இடுப்புக் கருவி குறைத்தே காட்டும். மாறாக, மேடு பள்ளமான சாலையில் வண்டியில் அமர்ந்து குலுங்கிச் செல்பவரை, அவர் தாமே அசைந்தவர்போல் சில வேளை எழுதிவிடும்.

இழை எண்ணும் கண்ணாடி இழையை எண்ணும். சாயம் கெட்டியா என்பதைச் சொல்லாது. அதற்காகக் கண்ணாடியை நாம் எறிந்துவிடுவதில்லை. சாயத்தை வேறு வகையில் சோதிக்கிறோம். முடுக்கமானியையும் அவ்வாறே கொள்ளல் வேண்டும். தறியில் அமர்ந்தவர்களைக் கொண்டே பிராணவாயுவை அளந்து, தறிக்கென்று எல்லை குறித்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கருவியை அணிவித்து, அன்றைய வேலைக் குறிப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் நெசவாளரின் உழைப்பு உள்ளபடி வெளிப்படும்.

உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறா?

‘நாள் முழுவதும் உடல் வருந்த உழைக்கிறோம், ஆகவே ஆரோக்கியத்துக்குக் குறைவில்லை’ என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். இதைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1,00,000-க்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியதன் முடிவு 2021-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓய்வு நேரத்தில் உடலை நன்கு இயக்கியவர்களிடம் இருதய நோயும் மரணமும் குறைந்திருந்தன. வேலையின்பொருட்டு மிகுதியாக உடலை வருத்தியவர்களிடமோ அவை கூடியிருந்தன. விளையாடுபவர் களைத்தால் நிறுத்திக்கொள்கிறார். கூலிக்கு உழைப்பவர் களைத்தாலும் நிறுத்த முடிவதில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் இருக்க நேர்கிறது. போதிய ஓய்வும் கிடைப்பதில்லை. வறுமையும் புகைப்பழக்கமும் முடிவைத் திரித்திருக்கலாம் என்று கூறுவோரும் உளர். இவ்விவாதம் இன்னும் முடியவில்லை. மேலும், இவ்வாராய்ச்சியில் உழைப்பின் கணக்கு மக்கள் வாய்மொழியாகக் கூறியதே ஆகும். இத்தகைய கேள்விகளுக்கு விடை காணவே வேலை நேரத்தில் கருவிகளை அணிவித்துப் பார்ப்பது தேவைப்படுகிறது.

விவாதம் எவ்வாறு முடியினும், அமர்ந்த வேலையிடையே அடிக்கடி எழுந்து சிறிது நடப்பதில் நமக்கு நஷ்டமில்லை. உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைத்து, அதற்குப் பதிலாக எவ்வகை இயக்கமாயினும் மேற்கொள்ளுமாறு உலக சுகாதார ஸ்தாபனமும் கூறியிருக்கிறது.

அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டியவை

ஆராய்ச்சியாளர் கருவியோடு நம் ஊருக்கு வருவாராயின், நாம் அவரை வரவேற்க வேண்டும். நம் உழைப்பு ஏட்டில் ஏறுவதற்கு அது ஒரு வாய்ப்பு. ஆனால், சில கேள்விகளைக் கேட்டறிந்த பின்னரே கையையோ இடுப்பையோ நீட்டுதல் நலம்.

முதலாவதாக, கருவியை உடலில் எங்கே அணியவேண்டும், ஏன் அங்கே என்று கேட்க வேண்டும். எந்தத் தொழில் செய்பவரைக் கொண்டு எல்லைகள் குறிக்கப்பட்டன என்பதையும் கேட்கலாம். இக்கேள்வியைக் கேட்டு நல்ல ஆராய்ச்சியாளர் வருந்தமாட்டார், மகிழவே செய்வார்.

இரண்டாவதாக, அணிய ஒப்புக்கொண்டால் நேர்மையாக அணியவேண்டும். குளிக்கக் கழற்றினால், மறுபடியும் அணிவது எப்பொழுது என்று மறவாதிருத்தல் வேண்டும். இடுப்புக் கருவியைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்குக் குறையாமல் அணிந்த நாட்களே கணக்கில் சேரும் என்பது பல ஆராய்ச்சிகளில் விதி. இத்தகைய நாட்கள் நான்காவது தேவைப்படும். கருவி பார்க்கிறதே என்று அந்த ஒரு வாரம் மட்டும் அதிகமாக நடப்பதும், கருவியைக் குழந்தையின் கையில் கட்டி ஓடவிடுவதும் எடைக்கல்லை மாற்றிவைப்பதற்கு ஒப்பாகும். கெடுவது நம் சொந்தக் கணக்கே.

மூன்றாவதாக, அன்றன்று செய்த வேலையை, மறவாமல் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். எத்தனை மணிக்குத் தறியில் அமர்ந்தோம், எப்பொழுது எழுந்தோம், எப்பொழுது பாவு ஓட்டினோம், எப்பொழுது வயலுக்குப் போனோம் என்ற குறிப்பு இருந்தால், அசைவின் எண்ணுக்குப் பொருள் விளங்கும்.

நான்காவதாக, ஒப்புதலைப் பற்றி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மனிதர்களைக் கொண்டு நடத்தும் சுகாதார ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழுவின் அநுமதி வேண்டும். ஆராய்ச்சியின் நோக்கத்தை விளக்கிக் கூறி, அவரவர் மனமுவந்து தரும் சம்மதத்தையும் பெறவேண்டும். மறுப்பதற்கும், இடையில் விலகிக்கொள்வதற்கும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஆரோக்கியத்தை ஆராய்வதற்காகக் கொடுத்த சம்மதம், வேலை நேரத்தைக் கண்காணிக்கவோ கூலியை நிர்ணயிக்கவோ கொடுத்த சம்மதம் ஆகாது. இதைச் சங்க நிர்வாகிகளும் மனத்தில் இருத்தவேண்டும். அங்கத்தினர் சார்பில் சங்கம் பேசலாம். அங்கத்தினருக்குப் பதிலாகச் சங்கம் சம்மதம் கொடுத்துவிடலாகாது.

கடைசியாக, முடிவை நமக்கும் தெரிவிக்கவேண்டும் என்று கேட்க வேண்டும். நூல் கொடுத்தவர் துணியைப் பார்க்க விரும்புவது நியாயமே அன்றோ?

நெடுங்காலமாக நம் உழைப்பைப் பிறர் பார்த்துச் சொன்ன சொல்லே கணக்காயிருந்தது. இப்பொழுது கருவியின் எண் அதன் இடத்துக்கு வருகிறது. எண் வந்ததனாலேயே உண்மை வந்துவிட்டது என்று மயங்கவேண்டாம். எண்ணை நம்பலாகாது என்று ஒதுக்கவும் வேண்டாம். தராசு ஏமாற்றும் என்று அஞ்சி நாம் எடை போடுவதை விட்டுவிட்டோமா? ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தோம், தராசைச் சோதித்தோம், முள்ளைப் பார்க்கக் கற்றோம். இப்புதிய தராசின் முள்ளையும் அவ்வாறே பார்க்கக் கற்றுக்கொள்வோமாக.